பிரேக் இல்லாத மருமகள்

"பிரேக் எங்கேம்மா?"

மாமனார் அவளிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அதுதான். என்ன படித்தாய், அப்பா என்ன செய்கிறார், சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார் என்று வழிநெடுகப் பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. வாசலில் சாத்தி வைத்திருந்த அவளுடைய சைக்கிளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். கைப்பிடியைத் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு பிரேக் கிடையாது மாமா."

"கழண்டு விழுந்திருச்சா?"

"இல்ல. வேணாம்னு விட்டுட்டேன்."

அவர் மகனின் பக்கம் திரும்பினார். "இதை நீ சொல்லவே இல்லையேடா."

"நீங்க பொண்ணைப் பத்தித்தானேப்பா கேட்டீங்க" என்றான் அவன்.

மாமனார் நகரப் பேருந்து டிப்போவில் பிரேக் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கை வைத்துப் பார்க்காமல் ஒரு பேருந்துகூட வெளி வாசலைத் தாண்டியதில்லை. டிப்போ முற்றத்தின் கடைசியில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஓட்டுநர் வண்டியை வேகமாகக் கொண்டுவந்து அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். மற்ற டிப்போக்களில் கோட்டில் ஒரு காலி டின்னை வைப்பார்கள். இங்கே டின் கிடையாது. கோட்டின் மேல் மாமனாரே நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. டின் நசுங்கினால் ஓட்டுநர் சிரிப்பான், ஆள் நின்றால் அவன் முகத்தில் ஈயாடாது என்பார். வண்டியில் குறை இருந்தால் அரைமணி நேரம் திட்டுவார். குறை இல்லாவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டார். வண்டியின் தகட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு நடையைக் கட்டுவார். அந்த இரண்டு தட்டுக்காக ஓட்டுநர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்களாம்.

இதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு கணவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "எங்க வீட்டுல ஒருத்தர் நிறுத்துறவர், ஒருத்தன் ஏத்தி இறக்குறவன். பறக்கிறதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு" என்பான்.

அவள் பறப்பவள்தான். பி.எம்.எக்ஸ் சைக்கிள் என்றால் சின்னச் சக்கரம், தடித்த சட்டம், உட்காருவதற்கு ஆகாத ஓர் இருக்கை. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை சைக்கிள் மாதிரித்தான் இருக்கும். அவள் தொடங்கியதும் குழந்தை சைக்கிளில்தான். அத்தை மகன் வளர்ந்து கழித்துவிட்ட ஒன்று. மூடிக்கிடந்த ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், செங்கல் மேல் பலகையைச் சாய்த்து ஏறிக் குதித்தாள். முழங்காலில் தோல் மிஞ்சவில்லை. பெரிய சைக்கிள் வாங்கித் தருகிறோம் என்று வீட்டில் கெஞ்சினார்கள். வேண்டாம் என்றாள். அப்புறம் உள்ளூர்ப் போட்டி, வெளியூர்ப் போட்டி, கடல் தாண்டிய போட்டி. எத்தனையோ ஊர்களுக்குப் போனாள். எல்லா ஊரிலும் விமான நிலையத்தையும் விடுதி அறையையும் சறுக்கு மேடைகளையும் மட்டுமே பார்த்தாள். தலைக்கவசம் விற்கிற கடைகளில் பெட்டியின் மேல் அவள் முகம் இருந்தது. சறுக்கு மேடையில் ஏறி, காற்றில் சைக்கிளோடு தலைகீழாகப் புரளும்போது ஒரு கணம் அசையாமல் தொங்குவது போல இருக்கும். அதனால் களத்தில் அவளுக்கு வௌவால் என்று பெயர். அதை அவள் பட்டம் போலவே வைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் அவள் பிரேக் இல்லாத மருமகள். மாமனார் அவளைக் குறை சொன்னதில்லை. அவள் தூங்கி எழத் தாமதமானால் தானே அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டு மேசையில் மூடி வைப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டால், "மருமக சைக்கிள் கம்பெனியில இருக்கா" என்பார், அலுவலக நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துவிட்ட மாதிரி. அவள் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டினால் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மழை பெய்கிற நாளிலும் போவார்.

"என் ஓட்டம் பாக்க வாங்களேன் மாமா" என்று அவள் அவ்வப்போது கேட்பாள்.

"பிரேக் மாட்டு. வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு.

போன வருடம் அவள் விழுந்தாள். தலைகீழாக இருக்கும்போதே கைப்பிடியை விட்டு, அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பப் பிடித்துக்கொண்டு இறங்கும் வித்தை. பெண்கள் ஓட்டத்தில் அவளைத் தவிர யாரும் அதைச் செய்ததில்லை. அன்றைக்குக் கை தப்பிவிட்டது. காறை எலும்பு முறிந்து, தகடு வைத்து, மாதக் கணக்கில் வலக்கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தாள். எலும்பு சேர்ந்ததும் அவளுடைய அணியின் மேலாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். அவரும் ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்தான். அதனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இங்க பாருடி. வர்ற போட்டியில முதல் எட்டுக்குள்ள வந்து இறுதிச் சுற்றுக்குப் போனா நீ அணியில இருக்கே. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேல இருக்கிறவங்க இப்பவே உன் இடத்துக்கு ஒரு சின்னப் பொண்ணைப் பாத்து வச்சிருக்காங்க."

"அந்த வித்தை பண்ணாம எட்டுக்குள்ள வர முடியாது அக்கா."

"அது எனக்குத் தெரியாதா. அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன்."

பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்த மாமனார் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் காலையில் சைக்கிளின் ஒவ்வொரு திருகையும் சரிபார்த்து, ஒரு பழைய படுக்கை விரிப்பால் போர்த்திக் கட்டிவிடுவாள். அதற்குப் பிறகு போட்டி அரங்கத்தில்தான் அவிழ்ப்பாள். கண்ணில் பட்டால் எதையாவது நோண்டச் சொல்லும், நோண்டினால் மனம் கெடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மூட்டையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இந்த முறையும் அப்படித்தான் கட்டி வைத்துவிட்டு, அணிக் கூட்டத்துக்குப் போனாள். மறுநாள் கணவன் மூட்டையை அப்படியே வேனில் ஏற்றினான். அப்போது மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வர்றேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன வருடத்து முறிவுக்குப் பிறகு மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். முன் இருக்கையில் அவர் வேனின் பிரேக்கைப் பற்றி மகனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

அரங்கத்துக்குப் பின்னால் ஓட்டக்காரர்களின் இடத்தில் முடிச்சை அவிழ்த்தாள். விரிப்பு விழுந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது.

பின்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஒரு பிரேக். பளபளவென்று துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் மாட்டியிருந்தது. கைப்பிடியில் ஒரு நெம்புகோல். அங்கிருந்து பின்சக்கரம் வரை கறுப்புக் கம்பி. பிரேக் மாட்டுவதற்கென்று சட்டத்தில் இருந்த இரண்டு சின்னக் காதுகளை அவள் மறந்தே போயிருந்தாள். மாமனார் மறக்கவில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். "என்னடி இது? ஒரு பெல்லும் மாட்டியிருந்தா காலையில பால் ஊத்தப் போயிருக்கலாம்."

"மாமா வேலை அக்கா."

"கைப்பிடி சுத்துமா?"

அவள் கைப்பிடியைச் சுழற்றினாள். முக்கால் சுற்றிலேயே கம்பி சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை. தலைகீழாக இருக்கும்போது இப்படி நின்றால் இந்த முறை காறை எலும்போடு போகாது.

கழற்றிவிடலாம் என்று திருகுச் சாவியை எடுத்துக் குனிந்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. நட்டுகளுக்கு ஐந்து மூலை இருந்தது. கணவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது. டிப்போவில் ஓட்டுநர்கள் தாங்களாகவே பிரேக்கை நோண்டுகிறார்கள் என்று மாமனார் கடைசல் பட்டறையில் கொடுத்துத் தனியாகச் செய்து வைத்துக்கொண்ட நட்டுகள் அவை. அதற்கான சாவி உலகத்திலேயே ஒன்றுதான். அவருடைய வீட்டுச் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

"கம்பியை வெட்டிடலாம். வெட்டுக் குறடு இருக்கு" என்றார் மேலாளர்.

"பாதிப் பிரேக் தொங்கினா களத்துல விடமாட்டாங்க அக்கா."

அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் பார்வையாளர் வரிசை தெரிந்தது. மூன்றாவது படியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கையை மடக்கி, விரித்து, எப்படிக் கவ்வும் எப்படி விடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை. பிரேக் மாட்டு, வர்றேன் என்று சொன்னார். அவள் மாட்டவில்லை. அவரே மாட்டினார், வந்துவிட்டார்.

அவள் படியேறிப் போனாள்.

"பாத்தியாம்மா?" என்றார், எழுந்திருக்காமலே. "எப்படிப் பிடிக்குது?"

"நல்லாத்தான் பிடிக்குது மாமா. அதுதான் பிரச்சினை."

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன பிடிக்குது?" என்றான். கேட்ட பிறகே புரிந்து, தலையில் கை வைத்தான். "அப்பா, அந்த மூட்டையை அவுத்தீங்களா?"

"அவுத்து, பழையபடி அதே முடிச்சு போட்டேன்" என்றார் அவர், அதில் என்ன தவறு என்பது போல.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கைப்பிடி ஏன் சுற்ற வேண்டும், கம்பி எப்படித் தடுக்கும் என்று சொன்னாள். அவர் ஒரு பழுதின் கதையைக் கேட்பது போலக் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"தேய்ஞ்ச பிரேக்கைக் கழட்டியிருக்கேன். உடைஞ்ச பிரேக்கைக் கழட்டியிருக்கேன். நல்லா இருக்கிற பிரேக்கைக் கழட்டிட்டு வண்டியை வெளியே அனுப்புன்னு இதுவரைக்கும் எவனும் என்கிட்ட வந்து நின்னதில்லம்மா."

"நான் நிக்கிறேனே மாமா."

"போன வருஷம் ஆஸ்பத்திரியில உன்னைப் பாத்துட்டு வந்து எனக்கு மூணு நாள் சோறு இறங்கல. தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. குனிந்து ஷூ நாடாவை இறுக்கினாள்.

"அன்னைக்குப் பிரேக் இருந்திருந்தாலும் விழுந்துதான் இருப்பேன். நடுக் காத்துல எதைப் பிடிக்கிறது? நான் நிக்கத் தெரியாம விழல மாமா. பிடிக்கத் தப்பி விழுந்தேன். நிக்க எனக்குத் தெரியும்."

"எதை வச்சு நிப்பே?"

அவள் இடது காலை நீட்டி ஷூவின் அடியைக் காட்டினாள். நடுப்பகுதி மட்டும் குழியாகத் தேய்ந்து, உள் துணி தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நீ காலை இழுத்து இழுத்து நடக்கிறேன்னு நினைச்சேன்."

"பின் டயர் மேல இதை வச்சு அழுத்துவேன்."

"எவ்வளவு நாளைக்கு ஒருதடவை மாத்துவே?"

"மாசத்துக்கு ஒரு ஜோடி."

"ஒரு ஜோடியா? தேயுறது ஒண்ணுதானே."

"ஒத்தை ஷூ எந்தக் கடையில தர்றான் மாமா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார், தேய்ந்த பிரேக் கட்டையைப் பார்ப்பது போல.

"டிப்போவுல எப்படிப் பாஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"கோட்டுல நிப்பேன்."

"அப்ப வாங்க. நில்லுங்க."

சரக்கு ஏற்றி இறக்கும் கதவுக்கு முன்னால் நீளமான சிமெண்டு நடைவழி இருந்தது. கோடியில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். மாமனார் அதன் மேல் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் முதுகு ஆணி அடித்த மாதிரி நின்றது. கணவன், "அப்பா, கொஞ்சம் தள்ளியாவது..." என்று ஆரம்பித்து, அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"விரல் அஞ்சும் கைப்பிடிக்குள்ள இருக்கணும். நெம்புகோல்ல பட்டுச்சு, பெயில்" என்றார்.

அவள் மறுகோடிக்குப் போய்த் திரும்பினாள். மிதித்தாள். வேகம் ஏறியது. மஞ்சள் கோடு வந்தது, இஸ்திரி போட்ட சட்டை வந்தது, இமைக்காத இரண்டு கண்கள் வந்தன. ஷூ டயரைத் தொட்டது. ரப்பர் கிறீச்சிட்டது. முன்சக்கரம் அவருடைய கால்சட்டை மடிப்பில் பட்டும் படாமலும் நின்றது.

அவர் கீழே குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு, "இது வெறும் வண்டி. இப்ப லோடோட வா" என்றார்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவளுக்கு நேரமாச்சு."

"நேரமாச்சுன்னுதாம்மா எல்லா டிரைவரும் சொல்வான்."

மேலாளர் கருவிப் பையைத் தூக்கி அவள் முதுகில் மாட்டிவிட்டார். "போடி, போ. பரீட்சை எழுதிட்டு வா" என்று முணுமுணுத்தார். இரண்டாம் முறை அவள் இன்னும் வேகமாக வந்தாள். பையின் கனம் முன்னால் தள்ளியது. பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கி, நேராகி, நின்றது. அதே இடம். அதே மடிப்பு.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்த இரண்டு தட்டுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் தட்டவில்லை. சாவிக் கொத்தை எடுத்தார், முழங்காலிட்டார், நட்டுகளைக் கழற்றினார். கம்பியைச் சுருட்டினார். நெம்புகோலை எடுத்தார். கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, தடையில்லாமல் வந்து நிற்பதைப் பார்த்தார். பிரேக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அவள் முறை வந்தது.

ஒலிபெருக்கியில் "வௌவால்" என்றதும் கூட்டம் இரைந்தது. முதல் மேடையில் ஏறி இறங்கும்போதே உடம்பு தன் பழைய கணக்குக்கு வந்துவிட்டது. சுவரில் ஏறித் திரும்பினாள். பெட்டி மேடையைத் தாண்டி, காற்றில் சைக்கிளை மட்டும் சுழலவிட்டு, பாதங்கள் பெடலைத் தேடிக்கொள்ள இறங்கினாள். எல்லாம் சுலபம். எல்லோரும் காத்திருந்தது நடுவில் இருக்கும் அந்தப் பெரிய மேடைக்காக.

அதை நோக்கி மிதிக்கும்போது வலது தோளில் தகடு குளிர்ந்தது போல இருந்தது. போன வருடம் இதே வித்தையில்தான், கையை விடும் முன் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கம்தான் எலும்பை முறித்தது, உயரம் இல்லை. இந்த முறை மேடையின் விளிம்பு கண்ணுக்கு முன் வந்தபோது, கோட்டின் மேல் கை கட்டி நின்ற மனிதர் நினைவுக்கு வந்தார். நகராமல் நின்றாரே. அவள் நிறுத்துவாள் என்று அவருக்கு என்ன உத்தரவாதம்? இருந்தும் நின்றார்.

சக்கரம் விளிம்பைவிட்டது. உலகம் கவிழ்ந்தது. விளக்குகள் கீழே போயின, தரை மேலே வந்தது. விட்டாள். கைப்பிடி தனியாகச் சுற்றிற்று, முழுதாக, தடையில்லாமல், அவர் சுற்றிப் பார்த்த அதே சுற்று. உள்ளங்கையில் வந்து டப்பென்று விழுந்தது. பிடித்தாள். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்கின.

சக ஓட்டக்காரர்கள் கை தட்ட மாட்டார்கள். ஒருவர் நல்ல வித்தை செய்தால் மேடை விளிம்பில் நின்று தங்கள் முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் அடிப்பார்கள். அன்றைக்கு அந்தப் பலகை மேடைகள் இடிந்துவிடும் போல இருந்தது. அவளுடைய இடத்துக்காகப் பார்த்து வைத்திருந்த அந்தச் சின்னப் பெண்ணும் அடித்துக்கொண்டிருந்தாள், எல்லோரையும்விடப் பலமாக.

மதிப்பெண் பலகையில் அவள் பெயர் மூன்றாவதாக ஏறியது. எல்லோரும் ஓடி முடித்தபோதும் ஓர் இடம்தான் இறங்கியிருந்தது. மேலாளர் வேலியைத் தாண்டி வந்து அவள் தலைக்கவசத்தின் மேல் ஒரு குட்டு வைத்தார். "நாளைக்கு இறுதிப் போட்டி இருக்கு, ஆடாதே" என்று சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவன் வேலிக் கம்பியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு" என்றான்.

"மாமா எங்க?"

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சட்டைப் பை பிரேக்கின் கனத்தில் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், அவளுடைய இடது ஷூவையும் பார்த்தார்.

விரல் முட்டியை மடக்கினார். சைக்கிளின் சட்டத்தில் இரண்டு தட்டு.

பிறகு திரும்பி நடந்தார். வெளி வாசலில் ஒரு வேன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது முழுதாக நிற்கும் வரை ஓரமாக நின்று அதன் சக்கரத்தையே பார்த்தார். நின்றதும், கடந்து போனார்.